எடைமேடைக் கணினிக்கு எந்த டிஸ்க்? நீடாமங்கலம் ஆலை ஒன்றின் அனுபவம்

நீடாமங்கலம்–மன்னார்குடி சாலையில் உள்ள ஓர் அரவை ஆலையின் எடைமேடைக் கணினி, சம்பா அறுவடை முழுவீச்சில் நடந்துகொண்டிருந்த மாசி மாதத்தில் தகராறு செய்யத் தொடங்கியது. லாரி மேடையேறி நின்றால் ஒரு நிமிடத்தில் சீட்டு கைக்கு வர வேண்டும். அது ஐந்து நிமிடமாயிற்று, பிறகு பத்து. ஒருநாள் காலை விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே ஓடும் நீலப் பட்டை ஓடிக்கொண்டே இருந்தது, உள்ளே போகவில்லை. ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்துவிட்டு வரும் லாரிக்காரர்களுக்கு ஆலை வாசலிலும் காத்திருப்பு என்றால் வாய் சும்மா இருக்குமா? கணக்குப்பிள்ளை கையால் சீட்டு எழுதி அன்றைய பொழுதை ஓட்டினார். கணினி பழுது பார்க்கும் என்னைக் கூப்பிட்டார்கள்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்கிப் போடுங்கள். போனது டிஸ்க்தான் என்பது பிறகு உறுதியாயிற்று. ஆனால் இன்று கடைகளில் புதிதாகக் கிடைக்கும் டிஸ்க் எதையும் அந்தக் கணினியில் நேரடியாகச் செருக முடியாது. பழைய கணினிக்கு டிஸ்க் தேடும்போது எத்தனை ஜிபி என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. மதர்போர்டில் எந்த வகைச் செருகி இருக்கிறது, பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) எதுவரை எண்ணும், விண்டோஸ் எந்தக் காலத்தது, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) எதைத் தாங்கும் என்பவை அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. இந்த ஆலையில் அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு பொருளைத் தள்ளுபடி செய்தன. கடைசியில் மிஞ்சியதை வாங்கினோம்.

கணினியும் அதன் வேலையும்

கேபினெட்டைத் திறந்தால் உமித் தூசியும் தவிடும் ஒரு விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தன. பிரஷ்ஷால் தட்டி, புளோயர் வைத்து ஊதிய பிறகுதான் போர்டே கண்ணில் பட்டது. பெண்டியம் 4 பிராசஸர், இன்டெல் 845ஜிவி சிப்செட், அதனுடன் ஐசிஎச்4 சில்லு. இந்தச் சில்லில் டிஸ்க்கை மாட்டும் பழைய வழியான ஐடிஇ சேனல்கள் இரண்டு மட்டும் உண்டு, புதிய வழியான சாட்டா கிடையாது. (அடுத்து வந்த ஐசிஎச்5-இல்தான் இன்டெல் சாட்டாவைச் சேர்த்தது.) ஒரு சேனலில் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், மற்றதில் சிடி டிரைவ். இயங்குவது விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 2.

"இத்தனை பழசை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், புதுக் கணினி வாங்கிவிடலாமே" என்று முதலாளியின் மருமகன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எடைமேடை மென்பொருளின் டாங்கிள் (உரிமத்தைக் காட்டும் சிறு செருகு) பேரலல் போர்ட்டில் இருக்கிறது. அதன் முதுகில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து எடை எண் வருவது சீரியல் போர்ட் வழியாக. புதிய டெஸ்க்டாப்புகள் பலவற்றில் இந்த இரண்டு போர்ட்டுகளும் இல்லை. மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டே போய்விட்டார். சித்திரை, வைகாசியில் ஆலை ஓய்ந்திருக்கும்போது இதையெல்லாம் உட்கார்ந்து மாற்றலாம். பிபிடி, சிஆர் 1009 ரக நெல் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

அவருடைய கவலை வேறு. "தம்பி, இதில் கை வைத்தால் எடை மாறிவிடாதே? இப்போதுதான் முத்திரை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்."

"மாறாது ஐயா. மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்லும் அந்த இண்டிகேட்டர் பெட்டியும்தான் எடை போடுகின்றன. கணினி அந்த எண்ணை வாங்கிச் சீட்டில் அடிக்கிறது, அவ்வளவுதான். பெட்டியை நான் தொடப்போவதில்லை."

அதற்குப் பிறகுதான் நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார்.

டிஸ்க்கா, கேபிளா?

டிஸ்க் மாற்றுவதற்கு முன் டிஸ்க்தான் குற்றவாளியா என்று பார்த்துவிட வேண்டும். மின்சாரம் குறைந்தாலும், கேபிள் தளர்ந்தாலும், மதர்போர்டின் கெப்பாசிட்டர் உப்பினாலும் இதே மாதிரிதான் கணினி நின்றுபோகும். போர்டில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பாமல் தட்டையாக இருந்தன. எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு முனைச் செருகியில் மல்டிமீட்டர் வைத்ததில் சிவப்புக் கம்பியில் 5.1 வோல்ட்; மஞ்சள் கம்பியில் 11.5. பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஐந்து சதவீத ஏற்ற இறக்கம் அனுமதி, அதாவது 11.4 வரை போகலாம். தேறியது, ஆனால் விளிம்பில் தேறியது. பின்னால் டிஸ்க் தேர்வில் இந்த எண் பயன்பட்டது.

அடுத்து, சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றி டிஸ்க்கின் ஸ்மார்ட் அட்டவணையைப் படித்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் பட்டியல் அது. நீண்ட பட்டியல்தான் என்றாலும் நான் பார்ப்பது மூன்று வரிகளை. எண் 5, கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு கட்டங்கள்). எண் 197, படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். எண் 199, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தரவு. 199 ஏறியிருந்து மற்ற இரண்டும் பூச்சியமாக இருந்தால் கேபிளை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே 199 பூச்சியம். 197 நூற்றைத் தாண்டியிருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி படித்தபோது இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. டிஸ்க்தான்.

மருமகன் முந்தைய நாளே விண்டோஸின் டிஸ்க் சோதனை நிரலான செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். கணினி உள்ளே போகாததால் நல்லவேளை தப்பியது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டுவது ஆபத்து. அது கோப்பு அமைப்பைத் திருத்த அதே டிஸ்க்கின் மேலேயே எழுதும். படிக்க முடியாத கோப்புகளின் தொடர்பைத் துண்டிக்கும். டிஸ்க்கை மேலும் மேலும் ஓடவைக்கும். முதலில் நகல். பழுது பார்ப்பதெல்லாம் நகலின் மேல்.

டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் நகலெடுத்தேன். சாதாரண நகல் நிரல் கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். இது அந்த இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போய், எளிதில் கிடைப்பதையெல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். பிறகு விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். குறிப்புக் கோப்பு தனியாக இருப்பதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊரில் இது பெரிய விஷயம். மொத்தம் 7,81,65,360 செக்டர்கள்; சில பத்து கேபி அளவுக்கு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவை எந்தக் கோப்புகளில் விழுகின்றன என்று தேடியதில் பெரும்பகுதி விண்டோஸின் பேஜ்ஃபைலில் இருந்தது. அது போனால் போகட்டும், விண்டோஸ் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். மீதி, எடைச் சீட்டுகள் இருக்கும் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பின் உள்ளே. கோப்பைச் சீர்செய்து திறந்தபோது ஒரு குறுவைக் காலத்து ஏடிடி 43, ஏடிடி 45 நெல் வரவுச் சீட்டுகள் சில காணாமல் போயிருந்தன. கணக்குப்பிள்ளை சிரித்தார். கார்பன் நகலைக் கட்டுக் கட்டாகப் பரணில் வைத்திருப்பவர் அவர். முதலாளி அதைத் தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

எதை வாங்குவது

முதலில் மனத்துக்கு வந்தது இன்னொரு ஐடிஇ டிஸ்க். சென்னை ரிச்சி தெருவிலும் திருச்சியிலும் பழைய 40, 80 ஜிபி டிஸ்க்குகளை இன்னும் எடுத்துத் தருவார்கள். கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. இடையில் மாற்றி அட்டை வேண்டாம், யோசனை வேண்டாம். ஆனால் முன்னணி நிறுவனங்கள் ஐடிஇ டிஸ்க் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று கிடைப்பது எங்கோ ஓர் அலுவலகக் கணினியிலிருந்து உருவியது. ஸ்மார்ட் அட்டவணையில் ஓடிய நேரம் 40,000 மணி என்று இருந்தால் இரவு பகல் பாராமல் நாலரை ஆண்டு சுழன்ற டிஸ்க் என்று பொருள். சில நூறு மணி என்று காட்டினால் எனக்கு அதைவிடச் சந்தேகம்: அந்த எண்ணை அழித்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். கிழவனை மாற்றிக் கிழவனை உட்காரவைக்கும் இந்த வழியை நான் ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாவது, போர்டில் கூடுதல் அட்டை போடும் பிசிஐ செருகியில் ஒரு சாட்டா அட்டையைப் போட்டு அதில் புதிய டிஸ்க்கை மாட்டுவது. புதிதாக விண்டோஸ் ஏற்றுவதாக இருந்தால் இது நல்ல வழி. நாமோ பழைய எக்ஸ்பியை அப்படியே நகலெடுத்து வைக்கப்போகிறோம். எக்ஸ்பி தொடங்கும்போது தன் டிஸ்க் எந்தக் கட்டுப்பாட்டுச் சில்லின் பின்னால் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும். அந்தச் சில்லு மாறி, புதியதற்கு டிரைவர் இல்லாமல் போனால் நீலத் திரையில் 0எக்ஸ்0000007பி என்று எழுதிவிட்டு நின்றுவிடும். டிரைவரை முன்னதாக உள்ளே திணிக்க வழியுண்டு. செய்திருக்கிறேன், ஆனால் வாசலில் லாரிகள் நிற்கும்போது செய்ய விரும்பமாட்டேன்.

மூன்றாவதுதான் நாங்கள் எடுத்தது: ஐடிஇ செருகியில் ஒரு சிறு மாற்றி அட்டை, அதன் மறுபக்கம் சாட்டா டிஸ்க். போர்டின் கண்ணுக்கு இது ஐடிஇ டிஸ்க்காகவே தெரியும். சில்லு அதே ஐசிஎச்4, டிரைவர் அதே டிரைவர். எக்ஸ்பிக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. நகல் எடுத்த டிஸ்க்குக்கு அதுதான் வேண்டும்.

மாற்றி வாங்கும்போது ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இருவகை அட்டைகள் உண்டு. ஒன்று ஐடிஇ போர்டில் சாட்டா டிஸ்க்கை மாட்ட. மற்றது சாட்டா போர்டில் ஐடிஇ டிஸ்க்கை மாட்ட. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டு திசையிலும் வேலை செய்பவையும் உண்டு. அவற்றில் திசையை மாற்ற ஒரு சிறு சுவிட்சோ ஜம்பரோ இருக்கும். கடைக்காரரிடம் "சாட்டா மாற்றி" என்று மட்டும் கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இப்போதுதான் கொள்ளளவு. "தம்பி, ஒரு டிபி டிஸ்க்கே கிடைக்கிறதாமே, எதற்குச் சின்னது?" என்றார் முதலாளி. ஐடிஇ பின்பற்றும் பழைய ஏடிஏ முறையில் செக்டர் எண்ணை எழுத 28 பிட்டுகள்தான். இரண்டின் 28-ஆம் அடுக்கை 512 பைட்டால் பெருக்கினால் 137 ஜிபி வரும். அதற்கு மேல் எண்ண பயாஸுக்கும் விண்டோஸுக்கும் 48 பிட் முறை தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்பியில் இது 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1-இலிருந்து உண்டு. பயாஸில் உண்டா என்பது போர்டுக்குப் போர்டு, பதிப்புக்குப் பதிப்பு மாறும். கொடுமை என்னவென்றால், தெரியாத கணினி எப்போதும் உடனே தகராறு செய்வதில்லை. எல்லைக்குள் இருக்கும்வரை நன்றாக ஓடும். 137-ஐத் தாண்டி எழுத வேண்டிய நாளில் எண் சுற்றிக்கொண்டு டிஸ்க்கின் தொடக்கத்திலேயே எழுதிவிடக்கூடும். தொடக்கத்தில்தான் பகுதி (பார்டிஷன்) அட்டவணையும் விண்டோஸும் இருக்கின்றன. ஆகவே 137-க்குக் கீழே உள்ள டிஸ்க்கை எடுத்துவிட்டால் பயாஸின் பதிப்பைத் துருவ வேண்டிய தேவையே இல்லை. 120, 128 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டிகள் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லிலேயே எழுதும் டிஸ்க்குகள்) இரண்டும் எல்லைக்குள் அடங்கும். 128 என்பதிலும் 25,00,69,680 செக்டர்கள்தான், எல்லையோ 26 கோடியே 84 லட்சத்துச் சொச்சம்.

எஸ்எஸ்டி என்று முடிவு செய்யக் கொள்ளளவு மட்டும் காரணம் இல்லை. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஐந்து வோல்ட்டில் மட்டுமே இயங்குகிறது. விளிம்பில் நிற்கும் அந்தப் பன்னிரண்டு வோல்ட் கம்பியை அது தொடுவதில்லை. பாரம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும்போது மேசையே அதிர்கிறது. சுழலும் தட்டு இல்லாத பொருளுக்கு அதனால் ஒன்றுமில்லை. குறையும் உண்டு. எக்ஸ்பிக்கு டிரிம் தெரியாது, அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலியாகிவிட்டது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லத் தெரியாது. அதனால் பழைய 40 ஜிபி பகுதியை அப்படியே வைத்துவிட்டு மீதி இடத்தைப் பகுதி பிரிக்காமல் விட்டேன். எஸ்எஸ்டி தன் உள்வேலைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

"அப்போது காசு கொடுத்து வாங்கியதில் பாதிக்கு மேல் சும்மா கிடக்குமா?"

"கிடக்கும் ஐயா. இத்தனை வருடச் சீட்டும் சேர்த்து இந்தக் கணினி 40-இல் பாதியைக்கூட நிரப்பவில்லை."

பகுதியின் தொடக்கம் பற்றியும் ஒரு சொல். எக்ஸ்பி தன் முதல் பகுதியை 63-ஆம் செக்டரில் தொடங்கும். புதிய டிஸ்க்குகளின் 4 கேபி கட்டங்களோடு அது பொருந்தாது. விண்டோஸ் விஸ்டா முதல் 2048-இல் தொடங்குகிறார்கள். நகலில் பகுதியை நகர்த்தியிருக்கலாம். நகர்த்தவில்லை. நாளெல்லாம் சீட்டு அடிக்கும் கணினிக்கு அந்த வேக இழப்பு உறைக்காது. நகர்த்தும்போது தொடக்கச் செக்டர் கணக்கு பிசகினால் கணினி எழாது. கோப்புகளை ஓயாமல் எழுதும் கணினியாக இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

மாட்டிய அன்று

ஐடிஇ கேபிளில் இரண்டு ரகம். இரண்டின் முனைகளிலும் 40 ஊசிதான், ஆனால் ஒன்றில் 40 கம்பி, மற்றதில் 80. ஏடிஏ-66 வேகத்திலும் அதற்கு மேலும் ஓட 80 கம்பிக் கேபிள் வேண்டும். கம்பி மெல்லியதாக, நெருக்கமாக இருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (சேனலின் முதல் டிஸ்க்), நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது). மாற்றியை மாஸ்டராக வைத்துக் கறுப்பு முனையில் தனியாக மாட்டினேன். மாஸ்டரா ஸ்லேவா என்பதைக் கேபிளிடமே விடும் கேபிள் செலக்ட் முறையைச் சில மாற்றிகள் புரிந்துகொள்வதில்லை என்பதால் அதைத் தொடவில்லை. எஸ்எஸ்டியை மூன்றரை அங்குலத் தட்டில் திருகி, மாற்றி அட்டை கேபினெட்டின் தகட்டில் உரசாதபடி கட்டினேன். பயாஸ் திரையில் பிரைமரி மாஸ்டர் வரியில் எஸ்எஸ்டியின் பெயர் வந்தது. எக்ஸ்பி எழுந்தது. டாங்கிளைக் கண்டுகொண்டது, இண்டிகேட்டரிலிருந்து எண் வந்தது.

ஆனால் வேகம் மட்டும் பழையபடி. சீட்டுக்கான திரை திறக்கவே ஒரு யுகம் ஆயிற்று. எஸ்எஸ்டி போட்டும் இப்படியா என்று மருமகன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் டிஸ்க்கில் இல்லை, எக்ஸ்பியின் நினைவில் இருந்தது. ஐடிஇ டிஸ்க்கோடு டிஎம்ஏ முறையில் (பிராசஸர் தலையிடாமல் தரவு நேரே நினைவகத்துக்குப் போகும் முறை) பேசும்போது ஆறு முறை பிழையோ தாமதமோ நேர்ந்தால் எக்ஸ்பி படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் பிஐஓ என்ற பழங்கால முறைக்குப் போய்விடும். அதில் தரவு விநாடிக்கு 16 எம்பியைத் தாண்டாது. அதையும் பிராசஸரே அள்ளி வைக்க வேண்டியிருப்பதால் மற்ற வேலைகள் எல்லாம் நின்றுபோகும். பழைய டிஸ்க் சாகும் நாட்களில் பிழைகள் குவிந்து, எக்ஸ்பி பிஐஓவுக்கு இறங்கி, அந்த முடிவைத் தன் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கிறது. நகலெடுத்தபோது அந்தக் குறிப்பும் கூடவே வந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்தால் பிஐஓ மோடு என்று இருந்தது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினேன். எக்ஸ்பி சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்தது; இம்முறை அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5 என்று காட்டியது. அடுத்த லாரியின் சீட்டு, டிரைவர் கீழே இறங்கி வருவதற்குள் பிரிண்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

போகிற போக்கில் போர்டின் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினேன். அது தீர்ந்தால் தேதி பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். எடைச் சீட்டில் தேதி தப்பினால் எத்தனை தலைவலி என்பதை அரவை முகவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்திவிட்டதால் இணையக் கேபிளை உருவிவிட்டேன். மாலையில் கடையடைக்கும்போது ஆக்சஸ் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுப்பது கணக்குப்பிள்ளையின் பொறுப்பு.

அதே மருந்து இன்னோர் இடத்தில்

இதைக் கேள்விப்பட்டுத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உரக்கடைக்காரர் ஒருவர் தன் பில்லிங் கணினியைக் கொண்டுவந்தார். இதேபோல் எக்ஸ்பி, கிட்டத்தட்ட இதே வயது, ஆனால் போர்டில் சாட்டா செருகியே இருந்தது. பழைய டிஸ்க்கும் அதில்தான். மாற்றியே வேண்டாம், நேராக எஸ்எஸ்டியை மாட்டிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். போர்டில் இருந்தது வியா விடி8237 சில்லு. இதுவும் அந்தக் காலத்து எஸ்ஐஎஸ் சில்லுகள் சிலவும் 1.5 ஜிகாபிட் வேகம் மட்டுமே அறிந்தவை. அதைவிட வேகமான டிஸ்க்கோடு வேகத்தைப் பேசி முடிவு செய்யத் தெரியாமல், டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும். அந்தத் தலைமுறை ஹார்ட் டிஸ்க்குகளில் வேகத்தை 1.5-க்குக் கட்டிப்போட ஒரு ஜம்பர் இருக்கும். எஸ்எஸ்டியில் ஜம்பர் ஏது? பயாஸ் திரையில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அங்கும் கைகொடுத்தது ஐடிஇ செருகிதான். அதே மாதிரி மாற்றி, அதே 128 ஜிபி எஸ்எஸ்டி, சாட்டாவை விட்டுவிட்டு ஐடிஇ வழியாக. சில்லு மாறுவதால் நீலத் திரை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தக் கணினியின் சிடி டிரைவ் முதலிலிருந்தே ஐடிஇயில் இருந்ததால் அந்தச் சேனலுக்கான டிரைவர் எக்ஸ்பியில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. பயாஸில் முதலில் எந்த டிஸ்க்கைத் தேட வேண்டும் என்ற வரிசையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.